பேர்லினில் மாணவ வாழ்வு: ஜாமிஆவின் மூவர் கற்றதும் கொணர்ந்ததும்

அறிவு தேடிய பயணம் இஸ்லாமியக் கல்வி மரபில் தனித்ததோர் இடத்தை வகிக்கின்றது. ஒரே ஒரு ஹதீஸை நேரிற் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் ஒரு மாத காலப் பயணத்தை மேற்கொண்ட செய்தியை இமாம் புகாரி குறிப்பிட்டுள்ளார். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டினரான கதீப் அல்-பக்தாதி இத்தகைய பயணங்களைப் பற்றித் தனி நூலொன்றையே எழுதினார். ஆயினும் இவ்வாறு பயணம் செய்த மாணவன் எங்கே தங்கினான், எதை உண்டான், குளிரையும் தனிமையையும் எவ்வாறு தாங்கினான் என்பன போன்ற வினாக்களுக்கு நமது வரலாற்று நூல்களில் விடை அரிதாகவே கிடைக்கின்றது. ஆசிரியரின் பெயரும் பெற்ற இஜாஸாவும் பதிவாகியுள்ளன. அவற்றுக்கிடையே கழிந்த நாட்கள் பதிவாகவில்லை.

நவீன காலத்தில் இக்குறையை ஓரளவு போக்கியவர் எகிப்தின் ரிபாஆ அத்-தஹ்தாவி ஆவார். 1826 இல் முஹம்மத் அலி பாஷா பாரிஸுக்கு அனுப்பிய மாணவர் குழுவுக்கு இமாமாகச் சென்ற அவர், ஐந்தாண்டுகள் அங்கு தங்கியிருந்து, அந்நகர மக்களின் உணவு, உடை, வீட்டு அமைப்பு முதலியவற்றையும் எழுதி 1834 இல் நூலாக வெளியிட்டார். அன்றாட வாழ்வும் ஒரு பாடசாலையே என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த நோக்கிலேயே, 1920 களில் ஜேர்மனியின் தலைநகரான பேர்லினில் கல்வி கற்ற இந்திய முஸ்லிம் மாணவர் மூவரின் வாழ்வை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். அம்மூவர் ஸாகிர் ஹுஸைன், ஆபித் ஹுஸைன், முஹம்மத் முஜீப் ஆகியோராவர்.

ஏன் ஜேர்மனி?

பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட இந்தியாவிலிருந்து உயர்கல்விக்காகப் புறப்படும் மாணவனுக்கு வழமையான துறைமுகம் இங்கிலாந்தாகவே இருந்தது. சட்டத்தரணியாகவோ, அரச சேவையின் உயர் அதிகாரியாகவோ திரும்பி வருவதே அப்பயணத்தின் இலக்காகக் கருதப்பட்டது. ஜேர்மனிக்குச் செல்வோர் அன்று மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் அல்லாமா இக்பால். கேம்பிரிட்ஜில் பயின்றுகொண்டிருந்த அவர், 1907 இன் கோடையில் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள ஹைடல்பேர்க் நகருக்குச் சென்று ஜேர்மன் மொழியைக் கற்றார். பாரசீகத்தில் மெய்யியற் சிந்தனையின் வளர்ச்சி பற்றிய அவரது ஆய்வேட்டுக்கு அதே ஆண்டு நவம்பரில் மியூனிச் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

ஹைடல்பேர்க்கில் இக்பால் தங்கியிருந்த விடுதியின் வாழ்வைப் பற்றி, அவ்வேளையில் அங்கு வந்த அதிய்யா ஃபைஸி எழுதியுள்ள குறிப்புகள் சுவையானவை. எம்மா வெகநாஸ்ட் என்னும் இளம் ஆசிரியையிடம் இக்பால் மொழி கற்றார். அப்பாடம் வகுப்பறைக்குள் மட்டும் நிகழவில்லை. உணவு மேசையிலும், ஆற்றிற் படகு வலிக்கையிலும், மலைச்சரிவுகளில் நடக்கையிலும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியே இருந்தனர். கற்பித்தலுக்கும் வாழ்தலுக்கும் இடையே சுவரெழுப்பாத இந்த முறைமை இக்பாலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. எம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1930 களின் தொடக்கம் வரை நீடித்தன. இன்று அந்த ஆற்றங்கரையின் ஒரு பகுதி இக்பாலின் பெயரால் அழைக்கப்படுகின்றது.

முதலாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மேலும் மாறியது. ஒத்துழையாமை இயக்கத்தினாலும் கிலாபத் இயக்கத்தினாலும் கிளர்ந்தெழுந்த இளைஞர்கள், தம்மை ஆள்வோரின் பல்கலைக்கழகங்களை நாடத் தயங்கினர். இந்தியாவில் ஆட்சியுரிமை எதுவும் கொண்டிராத ஜேர்மனி அவர்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றியது. அத்துடன் இரசாயனம், பொருளியல், கல்வியியல், கீழைத்தேயவியல் ஆகிய துறைகளில் அந்நாடு பெற்றிருந்த புகழும் அவர்களை ஈர்த்தது.

1920 ஒக்டோபர் 29 ஆம் நாள் அலிகாரில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா நிறுவப்பட்டபோது, அரச மானியம் பெற்ற கல்லூரியைத் துறந்து அதனோடு இணைந்த மாணவர்களுள் ஸாகிர் ஹுஸைன் முன்னணியில் நின்றார். 1897 இல் ஹைதராபாத்தில் பிறந்த அவர், 1922 இல் பேர்லினுக்குப் புறப்பட்டார். ஆபித் ஹுஸைனும், ஒக்ஸ்போர்டில் வரலாறு பயின்ற முஜீபும் அங்கு அவருக்குத் தோழர்களாயினர்.

அறையும் உணவும் நாணயமும்

அக்கால ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு விடுதி அமைத்துக் கொடுப்பதில்லை. ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் காணப்பட்ட கல்லூரி வாழ்க்கை அங்கு இல்லை. மாணவன் நகரத்துக் குடும்பமொன்றின் வீட்டில் தளபாடங்களுடன் கூடிய அறையொன்றை வாடகைக்குப் பெறுவான். போரிற் கணவனை இழந்த பெண்களும், ஓய்வூதியம் மதிப்பிழந்துபோன முதியோரும் அவ்வாறு அறைகளை வாடகைக்கு விட்டே காலந்தள்ளினர். அறையின் மூலையில் நிலக்கரி அடுப்பு ஒன்று இருக்கும். அதில் எத்தனை கட்டி கரி இடுவது என்பது, பனிக்காலத்தில் வீட்டுக்காரப் பெண்ணுக்கும் மாணவனுக்கும் இடையே தீராத விவகாரமாகும். மொழியை ஒரு மாணவன் உள்ளபடி கற்பது பெரும்பாலும் அங்கேதான்.

உணவில் முஸ்லிம் மாணவனுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. பன்றியிறைச்சி அந்நாட்டின் பொது உணவு. அது கண்ணுக்குத் தெரியும் என்பதால் தவிர்ப்பது எளிது. அதன் கொழுப்போ ரொட்டியிற் பூசப்படுவது. காய்கறி சமைப்பதற்கும் பயன்படுவது. ஆகவே ஒவ்வோர் உணவைப் பற்றியும் கேட்டறிந்தே உண்ண வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு, முட்டை, பால், மீன், கறுத்த ரொட்டி ஆகியவையே ஐயத்துக்கிடமற்றவையாக எஞ்சின.

வணக்க வழிபாடுகளின் நேரங்களும் புதியதோர் ஒழுங்கைக் கோரின. பேர்லின் 52 பாகைக்கும் மேற்பட்ட வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. டிசம்பரில் காலை எட்டு மணிக்குப் பின் உதிக்கும் சூரியன், பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகின்றது. லுஹர், அஸர், மஃரிப் ஆகிய மூன்று தொழுகைகளும் நான்கு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். கோடையின் உச்சத்திலோ இரவு முழுமையாக இருள்வதேயில்லை. 1923 ஆம் ஆண்டின் ரமழான் ஏப்ரல் நடுப்பகுதியில் தொடங்கியது. பகற்பொழுது பதினான்கு மணி நேரத்தை எட்டி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பாங்கொலி கேட்காத நகரில், நாட்காட்டியையும் கடிகாரத்தையும் கொண்டு தனியறையில் நோன்பைத் தொடங்கி முடிப்பது, சமூகத்தின் துணையோடு நோன்பிருந்து பழகியவர்களுக்குப் புதிய அனுபவமாகவே இருந்திருக்கும்.

இவை அனைத்தையும் விட அன்றைய மாணவ வாழ்வைத் தீர்மானித்தது ஜேர்மன் நாணயத்தின் வீழ்ச்சியாகும். 1914 இல் ஓர் அமெரிக்க டொலருக்கு 4.2 மார்க் கிடைத்தது. 1923 ஜனவரியில் அது ஏறத்தாழ 18,000 மார்க் ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில் 4.2 இலட்சம் கோடி மார்க்கை எட்டியது. ஆண்டின் தொடக்கத்தில் 250 மார்க்குக்கு விற்ற ஒரு ரொட்டி, ஆண்டிறுதியில் 20,000 கோடி மார்க்குக்கு விற்றது. காலையிற் பெற்ற சம்பளத்தை மாலைக்குள் பொருளாக மாற்றிவிட வேண்டிய நிலைக்கு மக்கள் தள்ளப்பட்டனர்.

வெளிநாட்டு நாணயம் வைத்திருந்தோருக்கு இதுவே வாய்ப்பாக அமைந்தது. மாதந்தோறும் சில பவுண்கள் பெற்ற மாணவன் நல்ல அறையையும், நூல்களையும், இசையரங்கின் நுழைவுச் சீட்டையும் எளிதாகப் பெற முடிந்தது. 1922 இலும் 1923 இலும் வெளிநாட்டு மாணவர்கள் பேர்லினில் குவிந்தமைக்கு இது ஒரு முக்கிய காரணமாகும். ஆயின் அந்த மலிவு, அறையை வாடகைக்கு விட்ட முதியவளின் வாழ்நாள் சேமிப்பு அழிந்ததனால் உண்டானது என்பதை நாம் மறத்தலாகாது. பொருளியல் மாணவரான ஸாகிர் ஹுஸைன், நாணயத்தின் மதிப்புச் சிதைந்தால் ஒரு சமூகத்தின் நம்பிக்கைகளும் எவ்வாறு சிதைகின்றன என்பதை நூல்களிலன்றி வீதியிலேயே காணும் நிலையில் இருந்தார். 1923 நவம்பர் 15 ஆம் நாள் புதிய நாணயம் வெளியிடப்பட்டதும், வெளிநாட்டாருக்கிருந்த அச்சலுகை மறைந்தது. மலிவை மட்டும் நாடி வந்தோர் கலைந்தனர். கல்வியை நாடி வந்தோர் தங்கினர்.

கட்டுப்பாடற்ற கல்வி

1810 இல் வில்ஹெல்ம் பொன் ஹம்போல்ட்டின் முயற்சியால் நிறுவப்பட்ட பேர்லின் பல்கலைக்கழகத்தின் கல்விமுறை, இந்தியக் கல்லூரிகளிற் பயின்றோருக்கு வியப்பளிப்பதாக இருந்தது. இந்தியாவில் வருகைப் பதிவேடும், குறித்த பாடநூலும், ஆண்டுத் தேர்வும் மாணவனைக் கட்டி நடத்தின. பேர்லினிலோ எந்த விரிவுரைக்குச் செல்வது என்பதை மாணவனே தெரிவு செய்தான். ஓர் அரையாண்டை ஒரு பல்கலைக்கழகத்திலும் அடுத்ததை வேறொன்றிலும் கழிக்கலாம். விரிவுரை, குறித்த மணிக்குக் கால் மணி நேரம் பிந்தியே தொடங்கும். முடிவில் மாணவர்கள் கைதட்டுவதற்குப் பதிலாக விரல் முட்டியால் மேசையைத் தட்டித் தம் பாராட்டைத் தெரிவிப்பர். இச்சிறு வழக்கங்கள் இன்றும் அங்கு நிலவுகின்றன.

விரிவுரையைக் காட்டிலும் முக்கியமானது ‘செமினார்’ எனப்படும் ஆய்வரங்காகும். பேராசிரியரைச் சூழச் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒரு மாணவன் தான் ஆராய்ந்து எழுதியதை வாசிப்பான். ஏனையோர் அதனை அலசுவர். அங்கு மனனம் உதவாது. நமது மரபின் ஹல்காக்களையும் முனாளராக்களையும் அறிந்தோருக்கு இம்முறை முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. நமது கல்வி நிலையங்கள் பிற்காலத்தில் கைவிட்ட ஒன்றையே இம்மாணவர்கள் அங்கு வேறு வடிவிற் கண்டனர் எனலாம்.

இந்தச் சுதந்திரம் ஆபத்துகள் நிறைந்ததாகவும் இருந்தது. எவரும் கேள்வி கேட்காத நிலையில் ஆண்டுகளை வீணாக்கித் திரும்பியோர் எக்காலத்திலும் உண்டு. ஸாகிர் ஹுஸைன் பொருளியலறிஞர் வேர்னர் சொம்பார்ட்டின் மாணவரானார். பிரித்தானிய இந்தியாவின் நிலவுடைமை முறையை ஆராய்ந்து 1926 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் தெரிவு செய்த பொருள் கவனத்திற்குரியது. பேர்லினில் இருந்துகொண்டு அவர் இந்திய உழவனின் நிலையையே ஆராய்ந்தார். ஆபித் ஹுஸைன் கல்வியியலறிஞர் எடுவார்ட் ஸ்பிராங்கரிடம் பயின்று, ஹேர்பேர்ட் ஸ்பென்சரின் கல்விக் கோட்பாடு பற்றி ஆராய்ந்தார். முஜீப் அச்சுத் தொழிலைக் கற்றார். ஒக்ஸ்போர்டின் பட்டதாரி ஒருவர் அச்சகத்தில் மையும் எண்ணெயும் படியக் கைத்தொழில் பயின்றமை, அன்றைய இந்திய உயர்குடி மனப்பான்மைக்கு முற்றிலும் மாறானதாகும்.

ஈய எழுத்துக்களும் ஒரு சிறு நூலும்

கைத்தொழிலை நோக்கிய இந்தத் திருப்பத்துக்கு மிகச் சிறந்த சான்று காவியானி அச்சகத்தில் கிடைக்கின்றது. ஈரானிய அறிஞர்கள் சிலர் உலகப் போர்க் காலத்திலிருந்தே பேர்லினிற் கூடி, ‘காவே’ என்னும் பாரசீக இதழை நடத்தி வந்தனர். அச்சூழலில் தோன்றிய காவியானி அச்சகத்தில் அரபு-பாரசீக எழுத்துக்கள் வார்க்கப்பட்டிருந்தன. மிர்ஸா காலிபின் உருதுக் கவிதைத் தொகுப்பைச் சட்டைப்பையிலடங்கும் அழகிய பதிப்பாக அங்கு வெளியிட ஸாகிர் ஹுஸைன் விரும்பினார். உருது எழுத்துக்களைக் கோக்கத்தக்கவர் போதாதபோது, அவரே நின்று ஈய எழுத்துக்களைக் கோத்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1925 இல் வெளிவந்த அப்பதிப்பு இன்றும் நூல் விரும்பிகளால் போற்றப்படுகின்றது.

இதன் முக்கியத்துவத்தை உணர அக்கால உருது அச்சின் நிலையை நினைவுகூர வேண்டும். கையெழுத்துக் கலைஞன் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சிடும் முறையே வட இந்தியாவில் பரவலாக இருந்தது. ஜேர்மானிய அச்சகத்தில் இவர்கள் கண்டது பிழைதிருத்தும் ஒழுங்கும், தாளின் தரமும், பக்க அமைப்பின் நுட்பமும் ஆகும். சிறு வேலையையும் செவ்வனே செய்து முடிக்கும் பண்பை ஸாகிர் ஹுஸைன் பிற்காலத்தில் ஓயாது வலியுறுத்தினார். மியூனிச்சின் கல்வியாளர் கேர்ஷென்ஷ்டைனரின் ‘உழைப்புப் பாடசாலை’ பற்றிய கருத்துகளும் அவரை ஆழமாகப் பாதித்தன. கையால் செய்யும் வேலை, அது செம்மையாகச் செய்யப்படுமாயின், ஒழுக்கத்தைக் கற்பிக்கும் என்பதே அக்கருத்துகளின் சாரமாகும். காந்தியடிகளின் செய்தியை ஜேர்மன் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தும் நூலொன்றை, அந்நாட்டு நண்பர் ஒருவருடன் இணைந்து 1924 இல் வெளியிட்டதும் இக்காலப் பகுதியிலேயே.

சமூகமும் நட்பும்

அன்றைய பேர்லின் முஸ்லிம்கள் எண்ணிக்கையிற் சிறியவர்களாயினும் பல நாட்டினராக இருந்தனர். துருக்கியர், தாத்தாரியர், ஈரானியர், எகிப்தியர், ஆப்கானியர், இந்தியர் எனப் பலரும் அங்கிருந்தனர். உலகப் போரின்போது சிறைப்பட்ட முஸ்லிம் படையினருக்காக 1915 இல் பேர்லினுக்குத் தெற்கேயுள்ள வுன்ஸ்டோர்பில் மரத்தாலான பள்ளிவாசல் ஒன்று எழுப்பப்பட்டது. 1920 களில் அது இடித்தகற்றப்பட்டது. 1922 இல் தில்லியைச் சேர்ந்த அப்துல் ஜப்பார் கைரியின் தலைமையில் பேர்லின் இஸ்லாமியச் சமூகம் என்ற அமைப்பு உருவானது. லாகூர் அகமதிய்யா இயக்கத்தினர் 1924 இல் வில்மர்ஸ்டோர்ப் பகுதியில் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் இன்றும் அங்கு நிற்கின்றது. கொள்கை வேறுபாடுகள் பேர்லின் முஸ்லிம்களிடையே சர்ச்சைகளை எழுப்பின. எனினும் பெருநாள் தினங்களில் அங்கு பல நாட்டினரும் கூடினர்.

நாட்டவர்களுடனான நட்பில் கேர்டா பிலிப்ஸ்போர்னின் பெயர் மறக்கற்பாலதன்று. பேர்லின் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அப்பெண்மணி, இந்திய மாணவர்களுக்கு அந்நகரின் கலை, இலக்கிய வட்டங்களை அறிமுகப்படுத்தினார். அவர்கள் கனவு கண்ட ஜாமிஆவைப் பற்றி அவர்களிடமே கேட்டறிந்தார். நாஸிகள் ஆட்சியைக் கைப்பற்றுவதற்குச் சற்று முன்னர், 1932 இன் இறுதியில் அவர் இந்தியா வந்து ஜாமிஆவில் இணைந்து, சிறுவர் கல்வியில் தம்மை அர்ப்பணித்தார். பிள்ளைகள் அவரை ‘ஆபா ஜான்’ (அக்கா) என்றே அழைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, ஜேர்மன் குடியுரிமை கொண்டவர் என்பதால் பிரித்தானிய அரசு அவரைத் தடுப்புக் காவலில் வைத்தது. ஹிட்லரின் நாட்டில் வாழ முடியாத ஒருவர், அந்நாட்டவர் என்ற காரணத்தினாலேயே சிறைவைக்கப்பட்டமை வரலாற்றின் கொடிய முரணாகும். நோயுற்றுத் திரும்பிய அவர் 1943 இல் தில்லியில் மறைந்தார். ஜாமிஆவின் பகல்நேரச் சிறுவர் பராமரிப்பு நிலையம் இன்றும் அவரது பெயரைத் தாங்கியுள்ளது. வெளிநாட்டில் மாணவன் பெறும் நட்பு எத்துணை தூரம் பயணிக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

திரும்புதல்

1924 மார்ச்சில் துருக்கியில் கிலாபத் ஒழிக்கப்பட்டது. அதனோடு இந்தியக் கிலாபத் இயக்கம் நலிந்து, ஜாமிஆவுக்கான நிதி வற்றியது. 1925 இல் அந்நிறுவனம் அலிகாரிலிருந்து தில்லிக்கு மாற்றப்பட்டது. அதனை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. செய்தி பேர்லினை எட்டியதும், தாமும் தோழர்களும் ஜாமிஆவுக்கே தம்மை அர்ப்பணிக்கச் சித்தமாயிருப்பதாகவும், தாம் வரும் வரை அதனை மூட வேண்டாமென்றும் ஸாகிர் ஹுஸைன் அறிவித்தார். 1926 இல் மூவரும் திரும்பினர். 29 வயதில் ஸாகிர் ஹுஸைன் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். ஹகீம் அஜ்மல் கானின் மறைவுக்குப் பின்னர், மாதம் 150 ரூபாவுக்கு மேற்படாத சம்பளத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றுவதாக ஆசிரியர்கள் உறுதி பூண்டனர்.

பேர்லினில் அவர்கள் கண்டவை தில்லியில் புதிய வடிவம் பெற்றன. அச்சும் பதிப்பும் ஜாமிஆவின் முக்கிய பணிகளாயின. ஆரம்பப் பாடசாலையில் கைவேலை கல்வியின் அங்கமாயிற்று. 1937 இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டின் பின்னர், அடிப்படைக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு ஸாகிர் ஹுஸைனே தலைமை தாங்கினார். தமிழகத்தில் ‘ஆதாரக் கல்வி’ என்ற பெயரில் ஒரு தலைமுறை அறிந்த கல்விமுறையின் வேர்களில் ஒன்று, இவ்வாறு பேர்லினின் அனுபவத்தையும் தொடுகின்றது. 1948 இல் முஜீப் துணைவேந்தரானார். 1967 இல் இந்தியாவின் குடியரசுத் தலைவரான ஸாகிர் ஹுஸைன், 1969 இல் மறைந்தபோது ஜாமிஆவின் மண்ணிலேயே அடக்கப்பட்டார்.

எஞ்சும் வினா

இவ்வரலாறு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வழியைக் காட்டுகின்றது எனக் கொள்வது தவறாகும். அதே தலைமுறையில் ஜாமிஆவிலிருந்து பேர்லினுக்குச் சென்று இரசாயனம் பயின்ற குவாஜா அப்துல் ஹமீத், 1935 இல் பம்பாயில் மருந்துத் தொழிலை நிறுவிப் பணி செய்தார். பொன் பல்கலைக்கழகத்திற் பயின்ற ஹைதராபாத்தின் கலாநிதி முஹம்மத் ஹமீதுல்லாஹ், பிற்காலத்தில் பாரிஸையே தம் இருப்பிடமாகக் கொண்டார். எனினும் அவர் பேர்லின் நூலகத்தில் கண்டறிந்த ஹம்மாம் இப்னு முனப்பிஹின் ஹதீஸ் ஏட்டின் பிரதி, ஹதீஸ் தொகுப்பின் தொன்மையை நிறுவும் சான்றாக முழு உலகுக்கும் பயன்பட்டது. திரும்பி வருதலும் தங்கிவிடுதலும் தம்மளவில் சிறப்போ குறையோ ஆகா.

2022-23 கல்வியாண்டில், ஜேர்மனியிற் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுள் இந்தியர் சீனரை விஞ்சி முதலிடத்தை அடைந்தனர். அவர்களுள் நம் சமூகத்துப் பிள்ளைகளும் உள்ளனர். ஓராண்டுச் செலவுக்கான பெருந்தொகையை வங்கியில் முடக்கிக் காட்டிய பின்னரே அவர்களுக்கு விசா கிடைக்கின்றது. அதற்காகப் பல குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் ஈடுவைக்கின்றன. அறை தேடும் அலைச்சலும், உணவில் கொள்ளும் எச்சரிக்கையும், குறுகிய பகலில் நெருங்கி வரும் தொழுகைகளும் நூறாண்டுகளுக்குப் பின்னரும் பெரிதும் மாறவில்லை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ஸாகிர் ஹுஸைனும் தோழர்களும் பேர்லினிற் கழித்த நாட்களுக்குப் பொருள் தந்தது, தமக்காகக் காத்திருந்த ஒரு நிறுவனமாகும். கட்டிடமும் நிதியுமற்ற, மூடப்படும் தறுவாயிலிருந்த நிறுவனமேயாயினும், அது அவர்களுடையதாக இருந்தது. அவர்கள் கண்ட ஒவ்வொன்றையும் ‘இது அங்கே பயன்படுமா?’ என்று உரைத்துப் பார்ப்பதற்கு அதுவே உரைகல்லாயிற்று.

பிள்ளைகள் திரும்பி வரவில்லையே எனக் குறைகூறும் நாம், அவர்கள் திரும்பி வந்து பணியாற்றத்தக்க எதனைக் கட்டியெழுப்பி வைத்திருக்கின்றோம் என்பதையும் சேர்த்தே வினவுதல் வேண்டும். அறிவு தேடிப் புறப்படுவோரின் கடமையைப் பற்றி நாம் நிறையவே பேசியுள்ளோம். அவர்களை வழியனுப்பிவிட்டு ஊரில் இருப்போரின் கடமை இன்னும் பேசப்படாமலே உள்ளது.